தோட்டாவின் மொத்த நீளம்: ரிவால்வருக்கு ஒரு கணக்கு, ரைபிளுக்கு வேறு கணக்கு

தோட்டா நிரப்புவது, அதாவது வெற்றுக் கூட்டில் வெடிமருந்து போட்டு வாயில் குண்டை இறக்குவது, பற்றிப் படிக்கத் தொடங்குபவரை முதலில் குழப்புபவை இரண்டு எச்சரிக்கைகள். "குண்டை அதிகம் உள்ளே இறக்காதே, அழுத்தம் ஏறும்" என்கிறது ஒன்று. "குண்டை அதிகம் வெளியே நிறுத்தாதே, அழுத்தம் ஏறும்" என்கிறது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். எந்தத் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு என்று சொல்லாமல் விடுவதால்தான் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தெரிகிறது. ரிவால்வரில் நீளத்தைத் தீர்மானிக்கும் காரணங்கள் வேறு, ரைபிளில் வேறு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை எப்படி வாசிப்பது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் சட்டம்

சென்னையில் இருந்து படிப்பவர்களுக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ரீலோடிங் எனப்படும் இந்தத் தோட்டா நிரப்பும் வேலை அமெரிக்காவின் பல இடங்களில் வீட்டு கராஜில் நடக்கும் பொழுதுபோக்கு. டெக்சாஸில் இருக்கும் உறவினர் மேசையில் பிரஸ் ஒன்றைப் பொருத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு தோட்டா நிரப்புவார். இங்கே அது முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவில், உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தில் 'அம்யூனிஷன்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம் தோட்டாவோடு நிற்பதில்லை. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அதற்குள் அடங்கும். சென்னை மாநகர எல்லைக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் தருபவர் காவல் ஆணையர். அந்த உரிமம் கையில் இருப்பதாலேயே தோட்டா நிரப்பும் அனுமதியும் வந்துவிடுவதில்லை.

அப்படியிருக்க இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ரேஞ்சில் சுடும் விளையாட்டு வீரர் வாங்கும் ஒவ்வொரு பெட்டியும் இதே அளவுக் கணக்கில்தான் தயாராகிறது. ரிவால்வரின் சுழலும் சிலிண்டர் ஏன் இறுகியது, ஒரு பெட்டித் தோட்டா மேகசினில் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் அறையில்) ஏன் ஏறவில்லை என்ற கேள்விகளுக்கு விடை இந்த நீளத்தில் இருக்கிறது.

எதிலிருந்து எதுவரை

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றுபோலச் சொல்கிறோம். இங்கே பிரித்தே ஆக வேண்டும். பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. பறந்துபோவது மட்டும் குண்டு.

கூட்டின் அடித்தட்டிலிருந்து குண்டின் நுனிவரை உள்ள தூரமே மொத்த நீளம். அளப்பதற்கு டிஜிட்டல் காலிப்பர் போதும். கையேடுகள் பெரும்பாலும் அங்குலத்தில் மூன்று தசம இடம்வரை எழுதும். அந்த மூன்றாவது இடம் 0.0254 மி.மீ.; அம்பத்தூர் லேத் பட்டறைகளில் 'ஒரு தவ்' என்று சொல்வது இதைத்தான்.

உச்ச அளவுகளை வகுப்பவை இரண்டு அமைப்புகள்: அமெரிக்காவில் 1926-இல் தொடங்கிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ., ஐரோப்பாவில் 1914-இல் தோன்றிய சி.ஐ.பி. எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. தரும் எண்கள் சில, அங்குலத்தில்:

1. .38 ஸ்பெஷல்: கூடு 1.155 அங்குலம், மொத்த நீளத்தின் உச்சம் 1.550.
2. .357 மேக்னம்: கூடு 1.290, உச்சம் 1.590.
3. .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்: கூடு 0.920, உச்சம் 1.280.
4. .308 வின்செஸ்டர்: கூடு 2.015, உச்சம் 2.810.

இவை உச்ச வரம்புகள் மட்டுமே. எல்லாத் தோட்டாவும் எட்ட வேண்டிய இலக்குகள் அல்ல. .38 ஸ்பெஷலில் வாட்கட்டர் என்ற தட்டை முகக் குண்டைக் கூட்டின் வாய்வரை முழுக்க உள்ளே இறக்குவார்கள். அப்போது மொத்த நீளம் கூட்டின் நீளத்தை ஒட்டியே இருக்கும், அதாவது 29 மி.மீ. சொச்சம். நீண்ட மூக்குக் குண்டு வைத்தால் 39 மி.மீ. வரை போகலாம். ஒரே பெயர், ஒரே துப்பாக்கி, நடுவில் 10 மி.மீ. வித்தியாசம். இரண்டும் சரியான தோட்டாக்கள்.

ஒரு நீளத்துக்குள் மூன்று கேள்விகள்

அ. இடம் கொள்ளுமா? சிலிண்டரில், மேகசினில், சேம்பரில் (சுடும்போது தோட்டா உட்காரும் குழியில்) தோட்டா தடங்கலின்றி அடங்க வேண்டும்.

ஆ. குண்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிச்சம்? மருந்து எரிந்து வாயுவாகும்போது அதற்குக் கிடைக்கும் முதல் இடம் அதுதான். அது குறைந்தால் அழுத்தம் ஏறும்.

இ. குண்டுக்கு முன்னால் எவ்வளவு தூரம்? குழலின் உள்ளே சுழல் வடிவில் ஓடும் ரைஃப்லிங் மேடுகளை எட்டும்முன் குண்டு எவ்வளவு தாண்டுகிறது என்பது.

ரிவால்வரில் முதல் இரண்டும் ஆட்சி செய்கின்றன. ரைபிளில் முதலாவதும் மூன்றாவதும். தொடக்கத்தில் சொன்ன முரண் இங்கேதான் பிறக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்யும்

.38 ஸ்பெஷல் கூட்டின் உட்கொள்ளளவு சுமார் 1,500 கன மி.மீ. குண்டின் விட்டம் 9.07 மி.மீ. சாதாரணக் குண்டு கூட்டுக்குள் 9 மி.மீ. இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் மிஞ்சுவது 900 கன மி.மீ. சொச்சம். இப்போது குண்டை இன்னும் 1 மி.மீ. இறக்கினால் 65 கன மி.மீ. போய்விடும். மிச்சமிருந்த இடத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு அது. முழுக்க இறங்கிய வாட்கட்டரின் பின்னால் இடம் இன்னும் குறைவு. அங்கே அதே 1 மி.மீ. இன்னும் பெரிய பங்கைத் தின்னும்.

.308 கூட்டின் கொள்ளளவோ சுமார் 3,600 கன மி.மீ. அதில் 1 மி.மீ. கூடுதலாக இறக்கினால் போவது 48 கன மி.மீ.; ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே மேல்.

இதோடு மருந்தின் குணமும் சேர்கிறது. ரிவால்வருக்குப் பயன்படுவது வேகமாக எரியும் மருந்து. இடம் 7 விழுக்காடு குறைந்தால் அழுத்தமும் 7 விழுக்காடு மட்டுமே ஏறும் என்று எண்ணக் கூடாது. அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. கணக்கில் .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) மட்டுமே; .32 லாங்குக்கு 15,000. .308-க்கு 62,000. சிறிய கூடு, வேகமான மருந்து, தாழ்ந்த உச்சம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில் 'கொஞ்சம் ஆழம்' என்பது கொஞ்சமாக இருப்பதில்லை.

ரிவால்வர்: நீளத்தைச் சொல்வது குண்டின் பள்ளம்

ரிவால்வர் குண்டின் இடுப்பில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். செம்பு உறை போர்த்திய ஜாக்கெட் குண்டில் அதைக் கேனலூர் என்பார்கள்; ஈயக் குண்டில் கிரிம்ப் பள்ளம். குண்டை இறக்கிய பிறகு, கூட்டின் வாயை அந்தப் பள்ளத்துக்குள் உருட்டி மடிப்பதே கிரிம்ப். ஆகவே ரிவால்வரில் முதலில் ஒரு நீளத்தை முடிவு செய்துவிட்டுக் குண்டை இறக்குவதில்லை. பள்ளத்துக்கு இறக்குகிறோம், வருகிற நீளம் உச்சத்துக்குள் இருக்கிறதா என்று பிறகு பார்க்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கையேட்டு எண்ணைப் பிடிக்கப் பள்ளத்தைத் தாண்டி இறக்குபவர்கள்தான் தொல்லையை விலைக்கு வாங்குகிறார்கள்.

கிரிம்ப் எதற்கு என்பதைப் பேருந்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நின்றுகொண்டிருக்கும் மாநகரப் பேருந்து சட்டென்று கிளம்பினால் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் பின்னால் சாய்கிறார். பேருந்து போய்விட்டது, அவர் உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ரிவால்வர் சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற ஐந்து தோட்டாக்களின் கூடுகளும் விளிம்பில் மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு பின்னே போகின்றன. குண்டுகளோ இருந்த இடத்தில் இருக்கப் பார்க்கின்றன. பிடி தளர்ந்திருந்தால், ஒவ்வொரு சுடுதலிலும் குண்டு கூட்டைவிட்டுத் துளித்துளியாக வெளியேறும். நுனி சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீண்டதும் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் இடித்துக்கொள்ளும், சிலிண்டர் சுற்றாது. ஆறாவது தோட்டா உள்ளே, துப்பாக்கி பூட்டிக்கொண்டது. எடை குறைந்த ரிவால்வரில் உதை அதிகம், எனவே இந்தத் தொல்லையும் அதிகம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆறு தோட்டாக்களில் ஒன்றை அளந்து, மார்க்கர் பேனாவால் அடியில் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு, அதை வெளியே எடுத்து மீண்டும் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக .357 மேக்னத்தில் 40.1 மி.மீ. இருந்தது 40.1-லேயே நின்றால் பிடி நன்றாக இருக்கிறது. 40.5 காட்டினால் அந்தப் பெட்டித் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. கடையில் வாங்கிய தோட்டாவுக்கும் இதே சோதனை பொருந்தும்.

கிரிம்ப் ஒன்றே குண்டைப் பிடித்து வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதிப் பிடி கூட்டின் சுவர் குண்டைக் கவ்வுவதால் வருகிறது. குண்டை நுழைப்பதற்காகக் கூட்டின் வாயை அளவுக்கு மீறி விரித்துவிட்டால், பிறகு எவ்வளவு இறுக்கமாக மடித்தாலும் அந்தப் பிடி திரும்பாது. அளவு மீறி மடித்தால் கூட்டின் சுவர் புடைத்து, சேம்பருக்குள்ளேயே போகாது. கூடுகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் இன்னொரு சிக்கல்: நீண்ட கூட்டில் மடிப்பு அழுத்தமாக விழும், குட்டைக் கூட்டில் தொட்டும் தொடாமலும் விழும். ஒரே பெட்டியில் ஆறும் ஆறு விதம்.

.38, .357 உறவையும் இங்கே பார்த்துவிடலாம். .38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது. 1935-இல் .357 மேக்னம் வந்தபோது கூட்டை வேண்டுமென்றே 0.135 அங்குலம் நீட்டினார்கள். தச்சர் கணக்கில் ஏறக்குறைய ஒரு நூல். உச்ச அழுத்தம் இருமடங்கான தோட்டா பழைய .38 ரிவால்வரில் ஏறிவிடக் கூடாது என்பதற்கே அந்த ஒரு நூல். .357 துப்பாக்கியில் .38 தோட்டாவைச் சுடலாம். ஆனால் நிறையச் சுட்டால், குட்டைக் கூட்டின் வாய் நிற்கும் இடத்தில் சேம்பருக்குள் கரிவளையம் கட்டும். சுத்தம் செய்யாமல் அதன்மேல் .357-ஐ ஏற்றினால், கூட்டின் வாய் வளையத்தில் சிக்கும், மடிப்பு விரிய இடமிராது, அழுத்தம் ஏறும். மொத்த நீளத்தைப் பற்றி எழுதும்போது கூட்டின் நீளத்தை விட்டுவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

நம்மூர் ரேஞ்சுகளுக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு .32 லாங். கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர் இந்தத் தோட்டாவுக்கானதுதான். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் பயன்படும் .32 பிஸ்டல்களும் இதே பெயருள்ள தோட்டாவைத்தான் எடுக்கின்றன, ஆனால் வாட்கட்டர் வகையை மட்டும். அவற்றின் மேகசின் அந்தக் குட்டை நீளத்துக்கே அமைந்தது. உருண்டை மூக்குக் குண்டு வைத்த .32 லாங் ரிவால்வரில் போகும், அந்த மேகசினில் போகாது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

ரைபிள்: முன்னால் இருக்கும் தூரம்

ரைபிளில் தோட்டா நேராகக் குழலின் பின்முனையில் உட்காருகிறது. கூட்டின் வாய்க்கு அப்பால் சிறிது தூரம் வழவழப்பான பகுதி. அதைத் தொண்டை என்கிறோம். அதன் பிறகு ரைஃப்லிங் மேடுகள் தொடங்கும். சுட்டதும் குண்டு இந்த இடைவெளியைத் தாண்டி மேடுகளில் பதிகிறது. இந்தத் தாண்டலுக்கு ஜம்ப் என்று பெயர்.

ஜம்ப் இருந்தால் குண்டு தடையில்லாமல் நகரத் தொடங்கும். அது நகர நகர வாயுவுக்கு இடம் பெருகும். அழுத்தம் சீராக ஏறும். குண்டு முன்கூட்டியே மேடுகளைத் தொட்டுக்கொண்டிருந்தால், அசையும் முதல் நொடியிலேயே அது உலோகத்தில் பதிய வேண்டும். அழுத்தம் முன்னதாகவும் உயரமாகவும் எழும். "வெளியே நிறுத்தாதே" என்ற எச்சரிக்கையின் பொருள் இதுதான். ரைபிளில் குண்டை மேடுகளிலிருந்து சற்றுப் பின்னால் இறக்கும்போது அழுத்தம் குறையவும் செய்யலாம். ரிவால்வர் கணக்குக்கு நேர் எதிர். மிக ஆழமாக இறக்கினால் மட்டும் இடக்குறைவு மேலோங்கி மறுபடி ஏறும்.

துல்லியத்துக்காகக் குண்டை மேடுகளுக்கு அருகில் கொண்டுபோவார்கள். 0.020 அங்குல இடைவெளி பலரும் தொடங்கும் இடம். சில குண்டுகள் அருகில் இருந்தால் இலக்கில் நெருக்கமாக விழும், சில தள்ளி இருந்தால் அப்படி விழும். மேடுகளில் அழுத்தி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தம் மட்டுமே காரணமில்லை. ரேஞ்சில் "சுடுவதை நிறுத்து" என்ற கட்டளை வந்து, சுடாத தோட்டாவை வெளியே இழுக்கும்போது குண்டு மேட்டில் சிக்கிக் குழலிலேயே நின்றுவிடும். கூடு மட்டும் கையோடு வரும், மருந்து முழுக்கப் போல்ட்டுக்குள் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகத்துக்குள்) கொட்டிக் கிடக்கும். குழலில் குண்டு நிற்பதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்ற முயல்வது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

தூரத்தை எப்படி அறிவது?

1. பிரைமரும் மருந்தும் இல்லாத வெற்றுக் கூடு ஒன்றின் கழுத்தில் மெல்லிய பிளவு வெட்டி, குண்டைத் தளர்வாக நுழைக்க வேண்டும்.
2. அதைச் சேம்பரில் மெதுவாகச் செலுத்தி, போல்ட்டை மூட வேண்டும். மேடு குண்டைத் தொட்டுப் பின்னுக்குத் தள்ளும்.
3. அப்படியே வெளியே எடுத்து அளக்க வேண்டும். ஐந்தாறு முறை செய்து, ஒத்துப்போகும் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும்.
4. அந்த அளவிலிருந்து வேண்டிய ஜம்ப்பைக் கழிக்க வேண்டும்.

அந்த அளவு அந்தத் துப்பாக்கிக்கும் அந்தக் குண்டுக்கும் மட்டுமே சொந்தம். குண்டு மாறினால் மறுபடி முதலிலிருந்து.

இங்கே நுனியை நம்பவும் கூடாது. போட்டிக் குண்டுகளின் நுனியில் சிறு துளை இருக்கும்; ஒரே பெட்டியிலேயே நுனிகள் சில தவ் ஏறி இறங்கும். மேடுகளைத் தொடுவதோ நுனி அல்ல, குண்டின் வளைவு முழு விட்டத்தை நெருங்கும் இடம். அந்த வளைவுக்கு ஒஜைவ் என்று பெயர். காலிப்பரில் ஒரு துளையிட்ட துண்டைப் பொருத்தி, அடித்தட்டிலிருந்து ஒஜைவ்வரை அளப்பதே ரைபிளுக்குப் பொருளுள்ள அளவு. நுனிவரை உள்ள நீளம் மேகசினுக்கு மட்டும் பயன்படும்.

மேகசின் பல நேரங்களில் விவாதத்தையே முடித்துவிடுகிறது. தொண்டை நீண்ட துப்பாக்கியில் மேடுகளுக்கு அருகில் போக வேண்டுமானால் தோட்டா மேகசினைவிட நீளமாகிவிடும். ஒவ்வொன்றாகக் கையால் ஏற்றும் போட்டிக்காரருக்குச் சரி; மற்றவர்கள் மேகசின் அளவோடு நிற்க வேண்டியதுதான்.

குழாய் மேகசின் உள்ள லீவர் ரைபிள்கள் தனி இனம். .30-30 தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கிடக்கும். பின்னால் உள்ள குண்டின் நுனி முன்னால் உள்ளதன் பிரைமரைத் தொடும். கூர்நுனி அந்தப் பிரைமரைக் குத்தி வெடிக்க வைத்துவிடக் கூடாது, குண்டும் உள்ளே தள்ளப்படக் கூடாது; அதனால்தான் அங்கே தட்டை மூக்கும் உறுதியான கிரிம்ப்பும்.

கையேட்டின் எண் ஏன் மாறுகிறது

ஒரே தோட்டாவுக்கு, ஒரே எடைக் குண்டுக்கு, இரண்டு கையேடுகள் இரண்டு நீளம் சொல்லும். அச்சுப்பிழை இல்லை. ஒவ்வொருவரும் தாங்கள் சோதித்த குண்டின் நீளத்தையே எழுதுகிறார்கள். மூக்கின் வடிவம் மாறினால் அதே நீளத்தில் கூட்டுக்குள் இருக்கும் பகுதி மாறிவிடும்.

எடை ஒன்றாக இருந்தாலும் உலோகம் வேறாக இருக்கலாம். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 8.96. ஒரே எடையில், ஒரே விட்டத்தில் முழுச் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் நீளம். இரண்டையும் ஒரே மொத்த நீளத்துக்கு இறக்கினால், செம்புக் குண்டு கூட்டுக்குள் மிக ஆழமாகப் போயிருக்கும். வெளியே காலிப்பர் ஒரே எண்ணைக் காட்டும், உள்ளே இடம் வேறாக இருக்கும். "எடை ஒன்றுதானே, பழைய கணக்கே போதும்" என்ற வழக்கம் இந்தத் துறையில் இருக்கும் மோசமான பழக்கங்களில் ஒன்று.

இன்னொரு மாற்றம் மெல்ல மெல்ல நடக்கிறது. சூடான வாயு தொண்டையை அரித்துக்கொண்டே போகும். மேடுகள் தொடங்கும் இடம் முன்னே நகரும். புதுக் குழலில் 0.020 அங்குலமாக இருந்த ஜம்ப், ஆயிரக்கணக்கில் சுட்ட பிறகு அந்த அளவில் இருக்காது. துல்லியம் குறைந்துவிட்டது என்று மருந்தையும் தொலைநோக்கியையும் சந்தேகிப்பதற்கு முன், அந்தப் பிளவு வெட்டிய வெற்றுக் கூட்டை எடுத்து மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் தேதியையும் எழுதி வைத்திருப்பவருக்கு, தொண்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும்.